பாட்டிலுக்குப் போட்ட ஸ்வெட்டர்

என் கணவரை நான் அடிக்கிறேன் என்ற பேச்சு எங்கள் தெருவின் பொதுக் குளியல்கூடத்தில்தான் முதலில் கிளம்பியது. அங்கே முதுகு தேய்த்துவிடும் ஸாவ் என்பவனுக்குக் கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். குளிர்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவரைப் பலகையில் குப்புறப் போட்டுத் தேய்த்தவன், இடுப்பிலும் தொடையிலும் கத்தரிக்காய் நிறத்தில் திட்டுத் திட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன தாவோ அண்ணே இது, எங்கியாவது விழுந்தீங்களா?" என்று கேட்டிருக்கிறான். இவரும், "விழலயே. எங்கயும் இடிச்சுக்கக்கூட இல்ல" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். எங்கேயும் விழாத மனிதனுக்குக் காயம் வேறு எங்கிருந்து வரும்? வீட்டிலிருந்துதான் வரும் என்று ஸாவ் முடிவு கட்டிவிட்டான்.

நான் ஹார்பின் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். என் குரலுக்குப் பயந்து டிக்கெட் எடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர். ஆகவே ஸாவ் சொன்னதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. குடியிருப்புக் கமிட்டியிலிருந்து இரண்டு பெண்கள் ஒரு பை உறைந்த பேரிக்காயோடு வந்து, "ஜின்லான் அக்கா, கோவம் வந்தா தலகாணிய அடிங்க. அது யார்கிட்டயும் போய்ச் சொல்லாது" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என் மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும் என்ற ஒரே ஆத்திரத்தில்தான் மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அடித்த காயமில்லை என்று டாக்டர் கையால் சான்றிதழ் வாங்கிக் குளியல்கூட வாசலில் ஒட்டுவதாகத் திட்டம். அந்த வம்பு கிளம்பாமல் இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இடுப்பெலும்பில் ஊசியைச் செலுத்தி உள்ளே இருக்கிற மஜ்ஜையை எடுத்தார்கள். சாயங்காலமே கட்டில் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். டாக்டர் லுவான் என்ற இளம்பெண் கதவருகே வந்து நின்று, "குடும்பத்துல இருக்கவங்க கொஞ்சம் வராந்தாவுக்கு வர்றீங்களா?" என்றாள். எங்கள் ஊரில் எந்த டாக்டரும் நல்ல செய்தியை வராந்தாவில் வைத்துச் சொன்னதில்லை.

நானும் என் நாத்தனாரும் போனோம். நாத்தனார் ஷீயூன் இவருக்கு மூத்தவர். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி மட்டும் இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

"ரத்தப் புத்துநோய்" என்றாள் டாக்டர். "ரொம்ப அபூர்வமான வகை. ரொம்ப வேகமானதும்கூட. ரத்தம் உறையிற சக்தி அவருக்கு இப்ப இல்ல. அதான் உடம்பெல்லாம் அந்தத் திட்டு. தலைக்குள்ள எங்கியாவது கசிஞ்சா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ஒண்ணும்மா, ரத்தப் புத்துநோய்லயே நல்லா குணமாகுறது இதுதான். முதல் சில வாரம் தாண்டிட்டா பத்துல ஒன்பது பேர் நடந்து வீட்டுக்குப் போறாங்க. மருந்தை இன்னிக்கே ஆரம்பிச்சாகணும்."

"என்ன மருந்து?" என்றேன்.

"மாத்திரை ஒண்ணு, அது வைட்டமினுக்குச் சொந்தக்காரன் மாதிரி. இன்னொண்ணு நரம்புல ஏத்தறது." அவள் கொஞ்சம் தயங்கினாள். "பாஷாணம்."

"எது, எலிக்கு வைப்பாங்களே, அதா?"

"அதேதான். சுத்தம் பண்ணி, அளவா. நம்ம ஊர் டாக்டருங்கதான் மொதல்ல ஏத்திப் பார்த்தாங்க. இப்ப உலகம் பூரா ஏத்துறாங்க."

முள்ளை முள்ளால் எடுப்பது எனக்கும் தெரியும். ஆனால் புருஷன் பிழைக்க வேண்டும் என்று பாஷாணத்துக்குக் கையெழுத்துப் போடுவது எந்தப் பெண்டாட்டிக்கும் பழக்கமில்லாத வேலை. போட்டேன். "அவர்கிட்ட நோய் என்னன்னு சொல்லிடலாமா?" என்று டாக்டர் கேட்டதும் நாத்தனார் பாய்ந்து வந்தார்.

"கூடவே கூடாது! எங்கப்பாவுக்கு ஈரல்ல வந்தப்போ ஒரு அறிவுகெட்ட டாக்டர் மூஞ்சியைப் பார்த்து நேரா சொன்னான். அப்பா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அவரை நோய் கொல்லல, அந்தச் சொல்லு கொன்னுச்சு. ரத்தசோகைன்னு சொல்லுங்க, போதும்."

"இது குணமாகுற நோய்ம்மா..."

"அப்ப குணமானப்புறம் சொல்லிக்கலாம்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன். எங்கள் பக்கத்தில் எல்லாக் குடும்பமும் செய்வது இதைத்தான். உண்மையைச் சொல்லிவிட்ட குடும்பத்தைத்தான் ஊர் காறித் துப்பும்.

அந்த வார்டே இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்த பெயர்ப் பலகையில், புற்றுநோய் என்ற எழுத்தின் மேல், புத்தாண்டுக்குக் கதவில் ஒட்டும் சிவப்பு அதிர்ஷ்டத் தாளை எந்தக் காலத்திலோ யாரோ ஒட்டியிருந்தார்கள். தலைமை நர்ஸ் வருடா வருடம் அதைப் புதுப்பித்துவந்தாள். இவருடைய அறையில் இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டிலில் பியான் என்ற ரயில்வேக்காரர். அவருக்கும் புற்றுநோய்தான், வேறு வகை. அவருக்கும் அது தெரியாது. பியானின் மனைவி முதல் நாளே இவரிடம் வந்து, "அண்ணே, எங்க வீட்டுக்காரர்கிட்ட வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க" என்று கெஞ்சியிருந்தாள். அதே கெஞ்சலை நான் பியானிடம் கெஞ்சியிருந்தேன்.

"பாவம்டி அந்த மனுஷன்" என்று இவர் என் காதில் கிசுகிசுத்தார். "புத்துநோய். அவனுக்கே தெரியாது. முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சு வெச்சிருக்காங்க. என்னை மாதிரி வெறும் ரத்தசோகையா இருந்திருக்கக் கூடாதா?"

"ஆமாமா" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து பியான் அதே இரக்கத்தோடு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு மரியாதையான அறையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

சிக்கல் பாட்டிலில் வந்தது. மருந்தின் பெயர் அதில் பெரிதாகப் போட்டிருந்தது. நாலு எழுத்துப் படித்த யாருக்கும் உள்ளே இருப்பது பாஷாணம் என்று புரிந்துவிடும். நாத்தனார் ஒரே மூச்சில் உட்கார்ந்து, சிவப்புக் கம்பளி நூலில் அந்தப் பாட்டிலுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிவிட்டார். கழுத்துப் பட்டிகூட வைத்திருந்தார். "மருந்து சில்லுனு உள்ள போகக் கூடாதுடா தம்பி" என்று அதை மாட்டிவிட்டார்.

இவர் முப்பது வருடம் இயந்திரத் தொழிற்சாலையில் வாசல் காவலராக இருந்தவர். வெளியே போகிற ஒவ்வொருவனின் சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்தவர். தொப்பிக்குள் திருகாணியை மறைத்து எடுத்துப்போனவனை அவன் தலையாட்டாமல் நடந்ததை வைத்தே பிடித்தவர். அப்பேர்ப்பட்ட ஆளின் தலைக்கு மேலே ஸ்வெட்டர் போட்ட பாட்டிலைத் தொங்கவிட்டால் சும்மா இருப்பாரா?

"இங்க என்னா சூடு, நானே பனியனோட படுத்திருக்கேன். பாட்டிலுக்கு எதுக்குடி ஸ்வெட்டர்?"

"உங்கக்கா ஆசையா பின்னினாங்க."

"எனக்கு இந்த வயசுவரைக்கும் ஒரு காலுறை பின்னினதில்ல அவ."

நான் வெந்நீர் பிடிக்கப் போன நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிப் பெயரைப் படித்துவிட்டார். திரும்பி வரும்போது ஊசியைக் கையிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்தார். போர்வையெல்லாம் ரத்தம். நர்ஸ் ஒருத்தி அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கமாக இருந்திருக்கும்.

"எனக்குப் பாஷாணம் ஏத்தறாங்க. உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று நான் சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். ஓசிப் பயணிகளின் முகத்தைப் படித்தே காலம் தள்ளிய எனக்கு என் முகத்தை மறைக்கத் தெரியவில்லை.

"தெரிஞ்சிருக்கு" என்றார்.

அதன் பிறகு அவருடைய மண்டைக்குள் வழக்கு தானாகவே ஜோடித்துக்கொண்டது. நான் அடிக்கடி எழுந்து வெளியே போனது, டாக்டரோடு குசுகுசுவென்று பேசியது, பாட்டிலுக்கு வேஷம் போட்டது எல்லாம் சேர்ந்துகொண்டது. சூப்பை வாயருகே கொண்டுபோனால், "நீ மொதல்ல குடி" என்றார். புளித்த முட்டைக்கோஸ் வைத்த கொழுக்கட்டை அவருக்கு உயிர். அதிலும் ஒவ்வொன்றையும் பாதி கடித்து விழுங்கிக் காட்டினால்தான் மீதியைத் தொட்டார். எனக்கு இடுப்புப் பட்டி இறுகியது. மாத்திரையைத் துப்பினார். கையை யாரும் தொட விடவில்லை. டாக்டர் லுவான் வரும்போதெல்லாம் அவள் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"ஐயா, நம்புங்க, இது உங்க நல்லதுக்குத்தான்" என்று அவள் கெஞ்சினாள்.

"நல்லதுன்னா அவளுக்கு ஏத்துங்க. அவளுக்கு அரை பாட்டில், எனக்கு அரை பாட்டில். கொழுக்கட்டை மாதிரி."

நான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினேன். "குத்துங்க டாக்டர்."

"ஐயோ, என்னம்மா நீங்க! நல்லா இருக்கவங்களுக்கு இதை ஏத்த முடியாது!"

"கேட்டுக்கங்க எல்லாரும்!" என்று இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அவளுக்கு ஏத்தினா ஆகாதாம். எனக்கு மட்டும் ஏத்தலாமாம்!"

"அதுல ஒரு நியாயம் இருக்கு" என்று பியான் தன்னை மறந்து சொல்லிவிட்டார். பிறகு எனக்குக் கொடுத்த வாக்கு நினைவு வந்து, கையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "கைய கட்டிப் போட்டு ஏத்துங்க" என்றார். கட்டினால் கட்டிய இடமெல்லாம் ரத்தம் கட்டிவிடும் என்று டாக்டர் மறுத்தாள். இந்தக் களேபரத்தில் இவர் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு போலீசுக்கு போன் செய்துவிட்டார்.

மெங் என்ற நடுவயதுக் காவலர் தொப்பியில் பனியோடு வந்து நின்றார். எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாட்டிலைக் காட்டி டாக்டரிடம் கேட்டார்.

"இதுல பாஷாணம் இருக்குன்னு புகார். இருக்கா?"

"இருக்கு."

"இருக்குங்கிறீங்க."

"ஆமா."

"யார் ஏத்தச் சொன்னது?"

"அவர் மனைவிதான் கையெழுத்துப் போட்டாங்க."

"இவருக்குத் தெரியாம?"

"தெரியாமத்தான்."

மெங் தொப்பியைக் கழற்றினார். "இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிட்ட கேஸை நான் பார்த்ததே இல்ல" என்றார்.

"சார், ஒரு நிமிஷம் வராந்தாவுக்கு வர்றீங்களா?" என்றாள் டாக்டர்.

போனார். திரும்பி வந்தபோது, எங்கள் முகத்தில் இருந்த அதே வராந்தாப் புன்னகை அவர் முகத்திலும். "ஒண்ணும் இல்ல பெரியவரே, வைட்டமின்தான். ரத்தசோகைக்கு ரொம்ப நல்லதாம். எங்கம்மாவுக்குக்கூட ஏத்தியிருக்கு. ஏத்திக்கங்க."

"அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க அந்த வராந்தாவுல?" என்று இவர் அலறினார். "போறவன் எல்லாம் ஆளு மாறி வர்றான்! எங்கக்கா போனா, சிரிச்சுக்கிட்டு வந்தா. பொறந்ததுலேர்ந்து சிரிக்காதவ! இவன் போலீஸா போனான், டாக்டரா வந்து நிக்கிறான்! என்னையும் கூட்டிட்டுப் போங்கடா, நானும் பாக்கறேன்!"

சொல்லி முடிப்பதற்குள் அவர் மூக்கிலிருந்து ரத்தம் இறங்கியது. முதலில் ஒரு கோடுதான். நர்ஸ் பஞ்சை வைத்தாள். அது நனைந்தது. இன்னொன்று வைத்தாள், அதுவும் நனைந்தது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் என் தோளைப் பிடித்தாள்.

"இதுக்கு மேல நேரம் இல்லம்மா. ரத்தத்தை உறைய வெக்கிற தட்டணு ஏத்தணும், மருந்தும் ஏத்தணும். இப்பவே. விட்டா அடுத்தது தலைக்குள்ளதான்."

நான் கதவருகே சாய்ந்துவிட்டேன். மெங் அங்கேதான் நின்றிருந்தார். ஆறுதல் சொல்லும் பழக்கம் இல்லாதவர் போலிருக்கிறது, தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா? உங்க வீட்டுக்காரர் போன்ல புகார் குடுத்துட்டு, வெச்சதும் மறுபடி கூப்பிட்டார். அவளைக் கைது பண்ணும்போது பஞ்சு வெச்ச கால்சட்டைய போட்டுக்கச் சொல்லுங்க, ஸ்டேஷன்ல தரை சில்லுனு இருக்கும், அவளுக்கு முட்டி வலின்னார். கொலைகாரிக்கு யார் சார் கால்சட்டை கேப்பாங்கன்னு எங்க ஸ்டேஷன்ல ஒரே சிரிப்பு."

சொல்லிவிட்டு மெங்கும் சிரித்தார். என்னால் முடியவில்லை. நான் விஷம் வைக்கிறேன் என்று நம்பிக்கொண்டு அந்தக் கிழவர் என் முட்டிக்குக் கவலைப்பட்டிருக்கிறார். நாங்களோ அவர் மனம் நோகக் கூடாது என்று சொல்லிக்கொண்டு, இத்தனை பேர் கூடி, அந்தக் கட்டிலில் அவரைத் தன்னந்தனியாக விட்டிருந்தோம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாத்தனார் மேல் வந்தது, ஊர் வழக்கத்தின் மேல் வந்தது, எல்லாவற்றையும் விட என் மேல் வந்தது.

கட்டிலின் சக்கரப் பூட்டை உதைத்துத் திறந்தேன். "நகருங்க" என்றேன். பேருந்துக்குப் பிறகு அந்தக் குரல் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. எல்லாரும் நகர்ந்தார்கள். நாத்தனார் மட்டும் வாசலை மறித்தார்.

"ஜின்லான்! உனக்கென்ன பைத்தியமா? சொன்னா செத்துடுவான்!"

"சொல்லாட்டி இன்னிக்கே செத்துடுவார். வழிய விடுங்கக்கா, உள்ள ஏறுறவங்க ஏறட்டும், இறங்குறவங்க இறங்கட்டும்."

கட்டிலோடு அவரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் மூக்கில் பஞ்சோடு தலையைத் தூக்கி, சோதனை போடும் கண்ணால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். குளிருக்குச் சூடேற்றும் குழாயில் யாருடைய கையுறையோ காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் பனி படிந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"பார்த்துக்கிட்டியா? இதான் வராந்தா" என்றேன். "இப்ப நான் சொல்றதக் கேளு. உனக்கு ரத்தசோகை இல்ல. ரத்தப் புத்துநோய். அபூர்வமானதாம், வேகமானதாம். மருந்து பாஷாணம்தான், நீ படிச்சது சரி. கையெழுத்துப் போட்டது நான்தான், அதுவும் சரி. ஏத்திக்கிட்டா பத்துல ஒன்பது பேர் பொழைக்கிறாங்க. ஏத்திக்கலன்னா ஒருத்தர்கூட இல்ல. நீ பயந்துடுவேன்னு உன்கிட்ட மறைச்சோம்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று காத்திருந்தேன். சுவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் என்னையே பார்த்தார்.

"அப்ப நீ என்னைக் கொல்லப் பாக்கல?"

"இல்ல."

"சத்தியமா?"

"கிழவா, உன்னைக் கொல்லணும்னா எனக்குப் பாஷாணம் எதுக்கு? என் கையே போதும்னு குளியல்கூடமே சொல்லுதே."

"அப்பாடா" என்றார்.

வாய் நிறையச் சொன்னார், மூட்டையை இறக்கி வைத்தவன் சொல்வதுபோல. புற்றுநோய் என்று கேட்டு அப்பாடா என்று சொன்ன நோயாளியை அவள் அதுவரை பார்த்ததில்லையாம், டாக்டர் லுவான் பிறகு சொன்னாள். தொடைக்குக் கீழே இருந்து இரண்டு கைகளையும் எடுத்து நீட்டினார். எந்தக் கை வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று நீட்டினார். நர்ஸ் அந்த இடத்திலேயே நரம்பைத் தேடினாள். மஞ்சளாகத் தட்டணு ஒரு பை, பக்கத்தில் பாஷாணம், இரண்டும் கம்பியில் ஏறின. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றது என் நாத்தனார்தான். நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு சின்னப் பெண்போல விம்மினார். மெங் போய் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கொஞ்ச நேரம் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூக்கில் ரத்தம் மெல்ல மட்டுப்பட்டது.

"ஜின்லான்."

"என்ன?"

"நீ கொல்றேன்னு நெனச்சப்போ கோவமா இருந்துச்சு. பயமே இல்ல. இப்பத்தான் பயமா இருக்கு."

ரத்தசோகைக்காரனுக்குச் சொல்ல என்னிடம் ஆயிரம் பதில் தயாராக இருந்தது. இவருக்குச் சொல்ல ஒன்றுகூட இல்லை.

"எனக்கும்தான்" என்றேன். "அன்னிக்கு டாக்டர் சொன்னதுலேர்ந்து."

அவர் ஊசி குத்திய கையை அசைக்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.